குமிழி எழுந்திருக்கும் விதம்

குழந்தை விழுந்ததை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை வீட்டுக்குள் ஓடினால் விழத்தான் செய்யும். அதுவும் இவளுக்கு வீட்டில் வைத்திருக்கும் பெயரே வாண்டு. சோபாவின் காலில் இடறி, கூடத்துத் தரையில் குப்புற, பொத்தென்று விழுந்தாள். இப்போது வீடு இரண்டாகப் போகிறது என்று நினைத்துக் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தான். அழுகை வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு தலையை இரண்டு தரம் உலுக்கினாள். வலது கையை முழங்காலில் ஊன்றி, இடது கையால் வலது கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்து நின்றாள்.

"இன்னொரு வாட்டி!" என்றாள் சிரித்தபடி.

அவனுக்கும் சிரிப்பு வந்தது. குமிழியை அப்படியே உரித்து வைத்திருந்தாள். அந்த வீடியோ கேம் வந்த நாளிலிருந்து ஊரில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான் விழுந்து எழுகின்றன. பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவன் கண் அவளுடைய இடது பாதத்தில் இருந்தது. எழும்போது அந்தப் பாதம் தரையில் நன்றாக ஊன்றியிருந்தது. ஊன்றியபடியே ஒரு விரல் அகலம் பின்னால் போனது. வழுக்கியிருந்தால் உடம்பு தடுமாறியிருக்கும், பாதம் உரசும் சத்தமாவது கேட்டிருக்கும். உடம்பு ஆடவில்லை. சத்தமும் இல்லை. யாரோ அதை மட்டும் பிடித்து நகர்த்தி வைத்ததுபோல் நகர்ந்து நின்றது.

"கண்ணு, இன்னொரு தடவ எழுந்து காட்டு," என்றான். அவள் அதற்குள் உள்ளறைக்கு ஓடிவிட்டிருந்தாள். ஓட்டத்தில் காலடிச் சத்தம் கேட்டதா என்று யோசித்தான். கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது.

குமிழி என்றால் உருண்டை வயிறு, குட்டைக் கை, எதைப் பார்த்தாலும் வியக்கும் இரண்டு பெரிய கண். மூன்று பாகங்கள் வந்துவிட்ட விளையாட்டு. தாத்தாவிலிருந்து பேத்தி வரை சேர்ந்து உட்கார்ந்து விளையாடலாம் என்றுதான் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். அதில் யாருக்கும் சாவு கிடையாது. பள்ளத்தில் விழுந்தாலும் சரி, தேனீக்கள் துரத்திப் பிடித்தாலும் சரி, குமிழி பொத்தென்று விழும், தலையை உலுக்கும், கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும், "இன்னொரு வாட்டி!" என்று சொல்லும். அந்த எழுந்திருப்பைப் பார்ப்பதற்காகவே குழந்தைகள் வேண்டுமென்றே விழ வைப்பார்கள்.

அந்த எழுந்திருப்பு அவனுடையது. அந்த விளையாட்டைச் செய்த கம்பெனியில் அனிமேட்டராக, உருவங்களை அசைய வைக்கும் வேலையில் இருந்தபோது, நடை பழகிக்கொண்டிருந்த தன் மகளைத் தினமும் மாலையில் படம் பிடித்து, அவள் விழுந்து எழுந்ததைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். குமிழியின் வலது கை முழங்காலில் ஊன்றியிருக்கும் என்பதால் வலது கண்ணைக் கசக்க இடது கையைக் கொண்டுவர வேண்டியிருந்தது. வேலையை முடித்துக் கொடுக்கச் சொல்லிக் கழுத்தைப் பிடித்ததில் ஒரு குறையும் தங்கிவிட்டது: எழும்போது ஊன்றிய இடது பாதம் ஒரு விரல் அகலம் நகர்ந்துவிடும். அவசரத்தில் செய்த அசைவில் இப்படி ஆவதுண்டு. திரையில் யாரும் கவனிக்கவில்லை. பெற்றவனுக்கு மட்டும் தெரிகிற மச்சம் மாதிரி அது அவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

தலை உலுக்கலை ஒரு குழந்தை பார்த்துச் செய்யலாம். கண் கசக்குவதைச் செய்யலாம். ஊன்றிய காலை ஊன்றியபடியே நகர்த்துவதை எந்தக் குழந்தையும் செய்ய முடியாது. எலும்பும் சதையும் உள்ள எதுவும் செய்ய முடியாது.

இரவுச் சாப்பாட்டின்போது மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டில் வைத்ததை எல்லாம் தின்றாள். இது வேண்டாம், அது வேண்டாம் என்ற ரகளை இல்லை. பக்கத்தில் குனிந்து அவள் உச்சந்தலையை முகர்ந்தான். பென்சில் சீவலும் வேர்வையும் கலந்த அந்தப் பழைய வாசனை அவனுக்கு மனப்பாடம். அது இல்லை. நாளெல்லாம் ஓடிய கம்ப்யூட்டரின் பின்பக்கம் அடிக்குமே, சூடேறிய தூசி வாசனை, அது அடித்தது.

"இவ ஏதோ மாதிரி இல்ல?" என்று மனைவியிடம் கேட்டான்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகலெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வந்த காலை நாற்காலி மேல் தூக்கி வைத்திருந்தாள். "கண்ணு வைக்காதீங்க," என்றாள். "ரெண்டு வாரமா அடம் இல்ல, அழுகை இல்ல, படுன்னா படுக்குறா. எனக்கே நம்ப முடியல. நீங்க ஏதாவது சொல்லிக் கெடுத்துறாதீங்க."

இரண்டு வாரம். அவன் மனம் அந்த வார்த்தையில் போய் நின்றது. அவன் ரகசியமாகச் செய்த விளையாட்டு, 'ஏழரை', வெளியாகியும் இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

மூன்றாம் பாகம் தொடங்கும் முன்பே கம்பெனி அவனைக் கறிவேப்பிலை மாதிரி தூக்கி எறிந்திருந்தது. வேலை போனதுகூடப் பரவாயில்லை. குமிழி எழுந்திருக்கும் அழகுக்கு ஒரு பரிசு கிடைத்தது. மேடையில் ஏறிய முதலாளி, தன் பேரன் விழுந்து எழுந்ததைப் பார்த்து மனதில் உதித்த யோசனை அது என்று கண் கலங்கச் சொன்னார். அந்தப் பேரன் அப்போது பிறந்திருக்கவே இல்லை. மூன்றாம் பாகத்தின் கடைசியில் ஓடும் பெயர்களில் காப்பி கொண்டுவந்து கொடுத்தவரின் பெயர்கூட இருந்தது. இவன் பெயர் இல்லை. அன்றைக்கு ஏறிய வயிற்றெரிச்சல் இன்றுவரை இறங்கவில்லை.

அவனோடு சேர்த்து வெளியே தள்ளப்பட்ட புரோகிராமர் ஒருவன் இருந்தான். எல்லோரும் அவனைத் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் சேர்ந்து, பெயர் போடாமல், யாரோ ரசிகர்கள் விளையாட்டாகச் செய்ததுபோல் ஒரு கேலி விளையாட்டைச் செய்தார்கள். பெயர் 'குமிழிக்கு ஏழரை'. அதில் குமிழி எழுந்திருக்கவே கூடாது என்பதுதான் அவன் போட்ட ஒரே நிபந்தனை. விளையாடுபவன் கையில் கத்தி. எதிரே அதே உருண்டை வயிறும் அதே கண்ணுமாக, அதே நம்பிக்கையோடு குமிழி ஓடி வரும். கீறினால் முதலில் உடம்பில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் விழும். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்காது. குமிழி குனிந்து அந்தக் கோட்டைப் பார்க்கும். அதற்கப்புறம்தான் அந்தக் கோட்டில் உடம்பு பிரியும். அந்த ஒரு மூச்சு இடைவெளியைத்தான் விளையாடியவர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவனுக்கும் அதில் பெருமைதான்.

செத்துக் கிடக்கும் உடம்பை, அவர்கள் பேச்சில் 'கிடை'யை, சும்மா கற்பனையில் செய்ய முடியாது. கை எப்படி மடங்கும், கழுத்து எந்தப் பக்கம் சாயும் என்று பார்க்க ஒரு ஆள் படுத்துக் காட்ட வேண்டும். குமிழியின் அளவுக்கு ஆள் வீட்டிலேயே இருந்தது. வேலை அறையில் சாம்பல் நிற விரிப்பைப் போட்டு, மகளை அதன் மேல் படுக்க வைத்து, எதிரே காமிராவைத் தாங்கியில் நிறுத்துவான்.

"வாண்டு, செத்துப்போன மாதிரி படு. கண்ணத் தொறக்கக் கூடாது. அசையவே கூடாது. அப்பா 'போதும்'னு சொல்ற வரைக்கும்."

அவளுக்கு அது ஒரு போட்டி. மூக்கு அரித்தால்கூடச் சொறிய மாட்டாள். காமிராவில் ஒலியை அணைத்துவிட்டுத்தான் எடுப்பான்; அசைவு வேலைக்குச் சத்தம் எதற்கு, இடத்தை அடைக்கும் என்று அவனுக்கு ஒரு பழக்கம். "போதும்" என்றதும் துள்ளி எழுந்து, "செயிச்சிட்டேனா?" என்று கேட்பாள். மனைவியிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருந்தான். எந்த வேலை என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மனைவி மதிய டியூட்டிக்குப் போய்விட்டாள். வீட்டில் அவனும் மகளும் மட்டும். ஜன்னலுக்கு மேலிருந்த தகரத்தில் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருக்க, சமையலறையில் பிரிட்ஜ் உறுமி உறுமி ஓய, அடுக்குமாடியின் லிஃப்ட் எங்கோ கீழே கதவைத் திறந்து மூட, பகலிலேயே விளக்குப் போட வேண்டிய அந்த இருட்டில், கூடத்தின் மூலையிலிருந்து மகளைக் கவனித்துக்கொண்டிருந்தான். அவள் ஜன்னலோரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் நல்ல பிள்ளையாக வேடிக்கை பார்க்கிறாள் என்றுதான் தோன்றியது.

லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினாள். வயிற்றைச் சொறிந்தாள். தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். மறுபடி ஆடினாள்.

விளையாடுபவர் பொத்தானைத் தொடாமல் இருந்தால் குமிழி மரம் மாதிரி நிற்காது. இப்படி ஆடும், சொறியும், மேலே பார்க்கும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். யாராவது வந்து பொத்தானை அழுத்தும் வரை அதுதான் அதற்கு வேலை. அதுவும் அவன் கை வேலைதான். வயிற்றைச் சொறியும்போது சுண்டுவிரல் மட்டும் விலகி நிற்கும். அவளுடைய சுண்டுவிரல் விலகி நின்றது.

ஆடினாள். சொறிந்தாள். மேலே பார்த்தாள். ஆடினாள். மழை வலுத்தது, குறைந்தது, மறுபடி வலுத்தது. அவள் மாறவில்லை.

அடுத்து அவன் செய்ததை எந்தத் தகப்பனும் செய்ய மாட்டான். சோபாவிலிருந்து ஒரு மெத்தைத் திண்டை எடுத்து அவள் கால் பக்கமாகப் போட்டான். "வாண்டு, இங்க ஓடி வா," என்று கூப்பிட்டான். ஓடி வந்தாள். இடறினாள். பொத்தென்று விழுந்தாள். தலையை உலுக்கினாள், கையை ஊன்றினாள், கண்ணைக் கசக்கினாள். பாதம் நகர்ந்தது.

"இன்னொரு வாட்டி!"

"வலிக்குதாம்மா?"

சிரித்தாள். திண்டை மறுபடி போட்டான். தன்மேல் தனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் போட்டான். மறுபடி கூப்பிட்டான். மறுபடி விழுந்தாள். நெற்றியில் விழுந்த முடிக்கற்றை போன தடவை விழுந்த அதே இடத்தில், அதே வளைவில் விழுந்தது. மூன்றாவது தடவையும் அங்கேயேதான். முழங்கால் சிவக்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. அந்தப் பெரிய கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்து என்ன செய்யச் சொல்கிறாய் என்று காத்திருக்கும் பார்வை.

மனைவிக்குப் போன் போட்டான். விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் குரல் உயர்ந்தது.

"வேணும்னே விழ வெச்சுப் பாத்தீங்களா? உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"நான் சொல்றதக் கேளு. எப்பலருந்து இப்படி? ஞாபகம் இருக்கா?"

"எப்படி? சமத்தாவா?" பின்னால் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "அன்னிக்கு உங்க வேலை ரூம்ல, அந்த விரிப்புல தூங்கிட்டிருந்தாளே, அதுலருந்துதான். நான்தான் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வெச்சேன். பஞ்சு மாதிரி இருந்தா, எடையே இல்ல. சரியா சாப்பிடலையோன்னுகூட நெனச்சேன். நீங்க எங்க போய்த் தொலஞ்சீங்க அன்னிக்கு? சரி, டாக்டர் கூப்பிடுறாரு. கொழந்தையக் கொஞ்சம் சும்மா விடுங்க."

போன் வைக்கப்பட்டது. அன்றைக்கு எங்கே போனோம் என்று அவன் நினைத்துப் பார்த்தான். கடைசியாக ஒரு கிடையை எடுத்துக்கொண்டிருந்த மாலை அது. மகள் விரிப்பில் கிடந்தாள், காமிரா ஓடிக்கொண்டிருந்தது. தாடியிடமிருந்து போன் வந்தது. "மச்சான், இருக்கிறத வெச்சே வெளியிட்டுட்டேன்டா! பத்திக்கிச்சு! கீழ வா, வண்டியோட நிக்கிறேன்!" சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. மனைவி வருகிற நேரம்தானே என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஓடினான். ராத்திரி வந்தபோது வீடு தூங்கியிருந்தது. காமிராவை உறையில் போட்டு அலமாரியில் வைத்தான். அந்தக் கடைசிக் கிடைதான் தேவைப்படவில்லையே, எடுத்துப் பார்க்கவும் இல்லை.

'போதும்' என்று சொன்னோமா?

சொல்லவில்லை.

வேலை அறைக்குப் போனான். அவளும் பின்னாலேயே வந்து, கதவோரம் நின்று, ஆடத் தொடங்கினாள். அவளைப் பார்க்காமல் அலமாரியைத் திறந்து காமிராவை எடுத்தான். பேட்டரி செத்துக் கிடந்தது. ஆனால் உறைக்குள் கை வைத்தபோது கதகதவென்று இருந்தது; முகத்துக்கு நேரே அந்தச் சூடேறிய தூசி வாசனை எழும்பியது. மெமரி கார்டை உருவிக் கம்ப்யூட்டரில் போட்டான். ஒரே ஒரு படம் இருந்தது. அழுத்தினான்.

இதே அறை. சாம்பல் விரிப்பு. அதன் மேல் வாண்டு, ஒரு கை தலைக்கு மேல், ஒரு கை வயிற்றில், கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதட்டோரம் அடக்க முடியாத சிரிப்போடு செத்துப் போயிருந்தாள். ஓரத்தில் அவனுடைய கால்கள் மட்டும் துள்ளிப் போவது தெரிந்தது. சத்தம் இல்லை. வெகு நேரம் ஒன்றும் இல்லை. அவள் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. கண்ணைத் திறக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலானது. பிறகு கதவு திறந்து மனைவி வந்தாள், நர்ஸ் உடுப்போடு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு விரிப்பைப் பார்த்தாள்; வாய் எதையோ திட்டியது. குனிந்தாள். இரண்டு கையாலும் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். முதுகைத் தட்டிக்கொடுத்தபடி வெளியே போனாள்.

விரிப்பில் வாண்டு கிடந்தாள்.

அவன் பின்னால் தள்ளிப் பார்த்தான். மனைவி குனிந்தாள், அள்ளினாள், போனாள். தோளில் ஒரு குழந்தை. விரிப்பில் ஒரு குழந்தை. விரிப்பில் கிடந்தவள் காலடி அதிர்வை உணர்ந்திருக்க வேண்டும். கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டாள், அப்பா வந்துவிட்டார் என்பது மாதிரி.

படம் முடியவில்லை. திரையின் அடியில் நேரம் காட்டும் கோடு நீண்டுகொண்டே போனது. அதைப் பிடித்து இழுத்தான். படத்தில் இருட்டு வந்தது, வெளிச்சம் வந்தது, இருட்டு வந்தது. அவன் வந்து விரிப்பைச் சுருட்டிச் சுவரோரம் சாத்தினான். அவள் வெறுந்தரையில் கிடந்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தான், அவள் கிடந்தாள். மனைவி பெருக்கினாள், துடைப்பம் மகளுக்குள் புகுந்து வெளியே போனது. உதடு வெடித்திருந்தது. அதைக்கூட நாக்கால் நனைக்கவில்லை. கோடு கடைசிக்கு வந்தது. ஜன்னலில் மழை. கம்ப்யூட்டரின் முன்னால் ஒருவன் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தான். அவன் முதுகு. அவன் சட்டை. இப்போது போட்டிருக்கும் சட்டை.

சட்டென்று திரும்பினான். வெறுந்தரை. சுவரோரம் சுருட்டிய விரிப்பு. கதவோரம் அது, ஆடிக்கொண்டு.

திரும்பித் திரையைப் பார்த்தான். கதவோரம் யாரும் இல்லை. தரையில் அவள்.

மண்டி போட்டுத் தரையைத் தடவினான். தரை ஐஸாகக் குளிர்ந்தது. திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கையை நகர்த்தினான். திரையில் அவன் கை மகளின் தலைமுடிக்குள் போனது. நெற்றிக்குள் போனது. ஒரு முடிகூட அசையவில்லை.

"போதும்," என்றான். "போதும்மா! போதும்! எழுந்திரு!"

கதவோரம் நின்றது பொத்தென்று விழுந்தது. தலையை உலுக்கியது. எழுந்தது. திரையில் அவள் அசையவில்லை. ஒலியை அணைத்தவன் அவன்தான். கண்ணைத் திறக்காதே என்று சொன்னவனும் அவன்தான். அவளுக்குக் கேட்கவும் வழி இல்லை, பார்க்கவும் வழி இல்லை. அப்பாவின் ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தாள்.

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தான். அவள் முழங்கையில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. தூசி என்று திரையைத் தேய்த்தான். போகவில்லை. கணுக்காலில் ஒன்று. கன்னத்தில் ஒன்று. தோளில், பல் பல்லாக, ரம்பம் வைத்த மாதிரி ஒன்று. ரம்பம் அவன் செய்ததில்லை. 'ஏழரை'யில் அவன் வைத்தது கத்தி மட்டும்தான்.

தாடிக்குப் போன் போட்டான்.

"மச்சான், ஏழரைய எடுத்துடு. இப்பவே. கெஞ்சிக் கேக்குறேன்டா."

"எடுக்கிறதா?" தாடி சிரித்தான். "அது நம்ம கைய விட்டுப் போயி எத்தன நாளாச்சு! ஆளாளுக்குப் பிரதி எடுத்து, அவனவன் பாட்டுக்கு மாத்திக்கிட்டிருக்கான். ரம்பம் சேத்துட்டாங்க, கோடாலி சேத்துட்டாங்க. நேத்து ஒரு பொண்ணு தையல் ஊசி வெச்சிருக்கா, பாத்தா நீயே கை தட்டுவ. எந்த நேரமும் ஆயிரம் பேரு ஆடிக்கிட்டிருக்கான்டா. நம்ம கம்பெனிக்காரன் வயிறு எரியட்டும்!"

"டேய், என் பொண்ணுடா..."

"உன் பொண்ணு மாதிரியே கெடக்குன்னுதான் நானே சொன்னேன்ல? அந்தக் கிடைதான்டா ஹிட்டு!"

போன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதற்குள்ளிருந்து தாடி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு அதுவும் நின்றது. மழை மட்டும்.

திரை முழுக்க அவள்.

ஊசிப் புள்ளிகள் புறங்கையில் வரிசையாக வந்தன. ஒன்று. ஒன்று. ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அவள் இமை துடித்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. எந்தக் கோட்டிலும் உடம்பு இன்னும் பிரியவில்லை. அந்த ஒரு மூச்சு இடைவெளியை எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள்போல.

அவன் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நெற்றியை வைத்து முட்டினான். கத்தினான். அவனுக்குப் பின்னால் அது விழுந்தது, எழுந்தது, விழுந்தது, எழுந்தது.

மகளின் மூடிய கண்ணோரத்தில் ஒரு துளி திரண்டு, காதை நோக்கி இறங்கியது. துடைக்கவில்லை. கழுத்தின் இடது பக்கத்தில், காதுக்குக் கீழே, ஒரு சிவப்பு நுனி தோன்றியது. மெதுவாக, மிக மெதுவாக, யாரோ ரசித்து இழுப்பதுபோல், தொண்டையைத் தாண்டி மறுபக்கம் போகத் தொடங்கியது.

அவள் வெடித்த உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். அசையவில்லை.